ஐந்து மாத அறிக்கையும் பூட்டியிருந்த கதவும்

அவைக்கு அணிசெய்யும் தலைவர் அவர்களே, கோப்புகளில் கண் பழுத்த மூத்தோர்களே, களைப்போடும் வந்து அமர்ந்திருக்கும் செவிலியத் தாய்மார்களே, என்னோடு பேனா பிடித்த தணிக்கைத் தோழர்களே, பணிவான வணக்கம்.

உள் தணிக்கைக்குத் திட்ட மேலாண்மை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

மருத்துவமனையின் பராமரிப்புப் பணிகளை ஆண்டுதோறும் சரிபார்ப்பது எங்கள் பிரிவின் வேலை. நான் பொறுப்பில் இருந்த ஓராண்டு, நோயாளிகளை ஏற்றும் லிஃப்டைப் பராமரிப்புப் பிரிவினர் பார்க்காமலேயே பார்த்ததாகக் கையெழுத்திட்டிருந்ததை முதல் வாரமே கண்டுபிடித்தோம். கண்டோம், குறித்தோம், கோப்பில் வைத்தோம். அறிக்கை முழுமையாக வேண்டும், மொழி முத்தாக வேண்டும் என்று ஐந்து மாதம் திருத்தினோம். மூன்றாம் மாதமே அந்த லிஃப்ட், பிரசவ வலியில் துடித்த பெண்ணோடு இரு மாடிகளுக்கு நடுவே நின்றது. நாற்பது நிமிடம். உள்ளேயே குழந்தை பிறந்தது. தாயும் சேயும் பிழைத்தது உடனிருந்த நர்ஸின் கைத்திறன்.

மறுநாள் அந்த நர்ஸ் என் மேசை முன் நின்றார்.

"சார், லிஃப்ட் சரியில்லன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே?"

என்ன சொல்வேன்? ஒற்றுப்பிழை திருத்திக்கொண்டிருந்தேன் என்றா?

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்; உங்கள் மேசையிலும் ஒரு வரைவு கிடக்கும்.

அதன்பின், மூன்று கட்டடங்களைக் கட்டி முடித்த பொறியாளர் அம்மா ஒருவர் எங்கள் பிரிவுக்கு மாற்றலாகி வந்தார். வந்ததும் சுவரில் பெரிய தாளொன்றை ஒட்டினார். எந்த வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். ஆபத்தானவை எல்லாம் மேலே. கண்டதை அன்றே சொல்லிவிட வேண்டும் என்றார்.

"நடுவுல சொன்னா அரைகுறையா இருக்குமேம்மா" என்றேன்.

"சார், தூண்ல விரிசல் விட்டா, கட்டி முடிச்சப்புறம் சொல்லிக்கலாம்னு இருப்போமா?"

அடுத்த தணிக்கையின் இரண்டாம் நாள். குழந்தைகள் வார்டில், தீப்பிடித்தால் வெளியேற வைத்த கதவு பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை.

"ரிப்போர்ட் வரட்டும், பாத்துக்கலாம்" என்றார் பராமரிப்பு அதிகாரி.

"ரிப்போர்ட் வரும்போது வரட்டும் சார். கதவ இன்னைக்கே தொறக்கணும்" என்று சொல்லி, அம்மா அவர் அறையிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். நானும் இன்னொன்றை இழுத்து அவர் பக்கத்தில் அமர்ந்தேன். மதியத்துக்குள் பூட்டை உடைத்தார்கள்.

தோழர்களே, திட்ட மேலாண்மை என்று பெரிதாகப் பேசுகிறோமே, அது என்ன? எதை முதலில் பார்ப்பது என்று துணிவது. யார் பார்ப்பது என்று பெயரெழுதுவது. கண்டதைக் காலம் கடக்குமுன் காதில் போடுவது. உண்மையைக் கண்டுபிடித்துவிட்டு உறங்க வைப்பவன் தணிக்கையாளனா?

அந்த வார்டில் இன்றுவரை தீப்பிடிக்கவில்லை. பிள்ளைகளின் தாய்மார் இப்போது அந்தக் கதவோரம் காற்றாட நிற்கிறார்கள். அது பூட்டிக் கிடந்தது அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

பசி நேரத்திலும் பொறுமையாய்ச் செவி தந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, கரம் குவித்து அமர்கிறேன். வணக்கம்.