தசரதன் சாருக்கு ஒரு மின்னூல்

ஹலோ… ஹலோ, பேச்சிராஜு! நான் இசக்கிசெல்வி பேசுதேன். லேப்டாப் பக்கத்துல இருக்கா?… சாப்பாடு எங்கயும் ஓடிராது, பொறவு தின்னுக்கலாம். தலபோற காரியம்லே.

ஆமா… ஆமா, நான் எழுதுன கதைதான். எங்க கம்பெனி லைன் சூப்பர்வைசர் தசரதன் சார் ஆசையா கேட்டாருன்னு பிடிஎஃப் அனுப்பிட்டேன். அனுப்புன பொறவுதான் ஞாவகம் வருது, கதையில வர்ற தொந்திக்காரன் பேரும் தசரதன்… சிரிக்காத. ஏ, சிரிக்காதங்கேன்! அடுத்த மாசம் என்னைய பெர்மனென்ட் ஆக்க அவருதான் கையெழுத்து போடணும்.

கேளு, அவரு இன்னும் படிக்கல. புதுசா புக் ரீடர் வாங்கிருக்காரு, ஆறு இஞ்ச். பிடிஎஃப்ல எழுத்து எறும்பு கணக்கா தெரியுதாம். பெருசாக்குனா பாதி வரி வெளிய போயிருதாம். வேற ஃபார்மட்ல குடும்மான்னாரு… இபப்பா? மின்னூலுக்குன்னே உள்ளதா? அதுல எழுத்த பெருசாக்குனா வரி தானா மடங்கிக்கிடுமா? அப்ப அதான். ஆனா முதல்ல உங்கிட்ட இருக்க வேர்ட் ஃபைல்ல பேர மாத்து. தசரதன எடுத்துட்டு மோகன்னு போடு… ம்… ம்…

வாசி பாப்போம்… என்னது? 'மோகன் அட்டைப்பெட்டிக்குள் படுத்தான். தசரதனுக்குக் குறட்டை வந்தது'? ஒருத்தன் படுத்தா இன்னொருத்தனுக்கு எப்பிடிலே குறட்டை வரும்?… ஓ, தசரதன்னு தேடுனா தசரதனுக்கு, தசரதனை எல்லாம் மாட்டாதோ… ஆமால்ல, 'ன்' 'னு' ஆனா புள்ளி போயிருதுல்லா! அப்ப வெறும் 'தசரத'ன்னு தேடு, 'மோக'ன்னு போடு. மிச்சம் தானா ஒட்டிக்கிடும்… சேவ் பண்ணிட்டியா? மவராசன்!

ஏ, இரு இரு. சாரே வெயிட்டிங்ல வாராரு. வச்சிராத!

ஹலோ, சொல்லுங்க தசரதன் சார்… சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புல நிக்கேன் சார்… மாத்திக்கிட்டே இருக்கோம் சார்… என்ன சார்? படிச்சிட்டீங்களா?… ரீடர படுக்கப் போட்டா எழுத்து பெருசா தெரிஞ்சுதா?… முழுசாவா படிச்சீங்க…

சார், அது நீங்க இல்ல சார். எங்க ஊர்ல ஒரு தசரதன்… அவருக்கும் தொந்தி… சரி சார்… ஆமா சார்… மன்னிச்சிருங்க சார்…

வீட்ல மேடமும் படிச்சாங்களா?… விழுந்து விழுந்து சிரிச்சாங்களா! அவங்க அக்காவுக்கும் வேணுமா?… பேர மாத்தக் கூடாதா? சேச்சே, தொடவே இல்ல சார்!… குறட்டைய மட்டும் எடுத்துரணுமா… என்ன சார், பின்னால மேடம் சத்தம் போடுதாங்க?… அது இருக்கணும்ங்காங்களா? அப்ப இருக்கட்டும் சார். வைக்கேன் சார்.

ஏலே, இருக்கியா? போன உயிரு வந்துட்டு! பழையபடி தசரதன்னே ஆக்கு… ஆமாலே, படிச்சிட்டாரு. கோவமே இல்ல. வீட்டம்மாவுக்கு அம்புட்டு புடிச்சிருக்கு… ம், 'மோக' தேடி 'தசரத' போடு. இபப் ஆக்கி நேரா அவருக்கே மெயில் பண்ணிரு…

என்னலே, கிடந்து சிரிக்க?… எந்த மோகினி?… ஆமா, கதையில ஸ்டோர் ரூம் பின்னால வெள்ளச் சேலையோட வருவாளே, அந்தப் பேயிதான். அவளுக்கு என்ன?… தசரதினி ஆயிட்டாளா!… ஐயோ… அம்மா… சிரிச்சு வயிறு வலிக்குலே… எல்லாரும் என்னையவே பாக்காவ…

இல்ல… திருத்தாத. ஒரு எழுத்தத் தொடாத! அப்பிடியே அனுப்பு. மேடத்துக்கு ரொம்பப் புடிக்கும்… வைக்கேன், பஸ் வந்துட்டு.