காது வெட்டிய பூனைகள்

ஏழு மணியைத் தாண்டியிருக்கும். வாய்க்கால் கரையை ஒட்டி ஒரே ஒரு வண்டிப் பாதை... விளக்குக் கம்பமே கிடையாது. அந்தப் பாதையைப் பார்த்தபடி ஒரு பெண் தன் ஆட்டுப் பண்ணையின் கேட்டில் நின்றிருந்தாள். நம் மெக்கானிக் இருக்கிறானே, அவனுடைய கூடப் பிறந்த அக்கா. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சத்தமாகச் சொல்கிற கதை இல்லை இது.

அவள் காத்திருந்தது வீட்டுக்காரருக்காக. காலையில் வேனில் கிளம்பியவர். வேனில் கூண்டுகள்... கூண்டுகளில் பூனைகள்.

தீவனக் கொட்டகையில் எலித் தொல்லை என்று முதலில் ஒரு பூனையைத்தான் விட்டுவைத்தார்கள். அது குட்டி போட்டது. குட்டிகள் குட்டி போட்டன. போகிற வருகிற பூனையெல்லாம் உறவு கொண்டாடி வந்து ஒட்டிக்கொண்டது. கடைசியில் எலிகளே பரவாயில்லை என்றாகிவிட்டது. முதலில் வந்த சாம்பல் நிறத் தாய்ப்பூனைக்கு மேஸ்திரி என்று பெயர். துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாது, தீவன மூட்டை மேல் உட்கார்ந்து மற்றவர்களை மேற்பார்வை பார்க்கும். யாரையும் தொடவிடாது.

அந்த வருஷம் ஆடுகளுக்குச் சினை கலைந்துகொண்டே இருந்தது. தீவனத்தில் பூனைகள் அசிங்கம் செய்வதுதான் காரணம் என்று யாரோ வீட்டுக்காரர் காதில் ஓதிவிட்டார்கள். ஆனால் அவர் தலை தெரிந்தாலே பூனைகள் ஓட்டம் பிடிக்கும். அவள் கூப்பிட்டால் மட்டும்தான் வரும். தட்டில் கரண்டியால் தட்டி, "வாங்க... சாப்பிட வாங்க" என்பாள். சொந்தத் தம்பியைக்கூட அவள் அவ்வளவு மரியாதையாகச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை.

"டாக்டர்கிட்ட கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணி, திரும்ப இங்கயே விட்டுடலாம்" என்றார் அவர். "பண்ணினதுக்கு அடையாளமா காது நுனிய லேசா வெட்டி அனுப்புவாங்க. அவ்வளவுதான். நீ கூப்பிட்டு கூண்டுல ஏத்திக் குடு."

ஏற்றிக் கொடுத்தாள். மேஸ்திரியையும். அதுவரை யார் கையும் படாத பூனை... அன்று அவள் கையில் துவண்டு கிடந்தது. கூண்டுக் கதவு விழுந்த பிறகுதான் திரும்பி அவளைப் பார்த்தது.

ஒருவழியாக அந்த இருட்டில் வேன் வந்து கேட்டில் நின்றது. "நல்லபடியா முடிஞ்சுது. ஒரு வாரம் அங்கயே இருக்கட்டும்னாரு டாக்டர்" என்றபடி இறங்கினார். சட்டைக் கை தோள்வரை ஈரம். சேற்று வாடை. என்ன ஈரம் என்று கேட்டாள்.

"வண்டி கழுவினேன்."

மனதுக்குள் ஏதோ நெருடியது. கட்டினவர் முகத்துக்கு நேராகச் சொல்லும்போது வேறு என்ன செய்வது... விட்டுவிட்டாள்.

ஒரு வாரம் போனது. ஒரு சாயங்காலம் கொட்டகையில் தீவனம் அள்ளிக்கொண்டிருந்தாள். திடீரென்று அதே சேற்று வாடை. நிமிர்ந்தாள். மூட்டை மேல் மேஸ்திரி. அதன் பின்னால் மற்றவை, வரிசையாக. சத்தமே இல்லை. எல்லாவற்றுக்கும் இடது காது நுனி... கத்தரிக்கோலால் வெட்டியது போல் நேராக இருந்தது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலுக்கு ஓடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"இங்க வாங்களேன். டாக்டரே கொண்டுவந்து விட்டுட்டாரு போல. உங்களப் போய் சந்தேகப்பட்டேன் பாருங்க, பாவி நான்."

அவர் வந்தார். பார்த்தார். கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

"நான் டாக்டர்கிட்ட போகவே இல்ல" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"கூண்டோட வாய்க்கால்ல இறக்கிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

மூட்டைப் பக்கம் திரும்பினாள். ஒன்றுமே இல்லை. சாக்கின் ஓரத்திலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்... சொட்...

பயப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் அவளுக்குப் பயம் வரவில்லை, வயிறு எரிந்தது. "அதுங்க உங்கள நம்பி வரலீங்க. என்ன நம்பி வந்துச்சுங்க. என் குரல வச்சே என் கழுத்த அறுத்துட்டீங்க" என்றாள்.

அன்றைக்கு அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. சமையலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு வெறும் தரையில் படுத்தாள். அவர் வெளி அறைக் கட்டிலில், பட்டினி.

தூக்கம் எங்கே வரும்... நடு இரவு இருக்கும். வெளியே கொட்டகைப் பக்கம் ஒரு சத்தம். டக்... டக்... டக். தட்டில் கரண்டி.

பிறகு குரல். "வாங்க... சாப்பிட வாங்க."

அவளுடைய குரல். அவள் வாய் மூடியிருக்கிறது, உதட்டைத் தொட்டே பார்த்துக்கொண்டாள். குரல் மட்டும் அங்கே கூப்பிடுகிறது.

வெளி அறையில் கட்டில் கிரீச்சிட்டது. "இதோ வர்றேம்மா" என்றார் அவர். கோபம் ஆறிச் சமைத்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை. வாசல் தாழ்ப்பாள் விலகியது. சரளைக் கல்லில் செருப்புச் சத்தம்... சரக், சரக்.

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். நிலா வெளிச்சத்தில் அவர் நடந்துகொண்டிருந்தார். கொட்டகை வாசலில் ஒரு நொடி நின்றார். என்ன தோன்றியதோ, வீட்டைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலில் அவள் நிற்கிறாள். கொட்டகைக்குள்ளிருந்தோ அவள் குரல் கூப்பிடுகிறது. இரண்டையும் அவர் ஒரே நேரத்தில் பார்த்தும் கேட்டும் நின்றார்.

ஒரு வார்த்தை போதும், 'போகாதீங்க' என்று. வாயைத் திறந்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள்.

கொட்டகைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

விடிந்ததும் அவரே வெளியே வந்தார். ஒரு காயம் இல்லை. தலைமுடி மட்டும் நனைந்திருந்தது. "ஜன்னல்ல நின்ன... ஒண்ணுமே சொல்லல" என்றார். அதற்குப் பிறகு அவளிடம் அவர் பேசவே இல்லை. வீட்டுக்குள்ளும் வரவில்லை. தம்பிக்காரன் போய் கெஞ்சிப் பார்த்தான், மசியவில்லை. கொட்டகையிலேயே இருக்கிறார். சாப்பாட்டுத் தட்டோடு அவள் போனால் எட்டி நின்று அவள் கையையே பார்ப்பார். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போன பிறகுதான் தட்டுக்கு அருகில் வருவார்.

ஒரு நாள் அவளுக்கு மனசு கேட்கவில்லை. என்ன ஆனாலும் கட்டினவர். தட்டை வைத்துவிட்டு வீட்டுக்குள் போனவள், மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று திரும்பி, சத்தமில்லாமல் வந்து கதவுச் சந்தில் எட்டிப் பார்த்தாள்.

அவர் இன்னும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. தட்டின் முன்னால் குந்தி, கரண்டியால் விளிம்பில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். டக்... டக்... இருட்டு மூலையைப் பார்த்து வாயைத் திறந்து கூப்பிட்டார்.

"வாங்க... சாப்பிட வாங்க."

அவர் வாயிலிருந்து வந்தது அவளுடைய குரல்.