எழுத்து ஏறாத சிங்காரவேல்

எனக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது ஐயா. நீங்கள் வாங்கித் தந்த பொட்டலத்தில் சட்னியை மட்டும் ஒதுக்கிவிட்டேன், தப்பாக நினைக்க வேண்டாம். வாக்குமூலத்தை நானே எழுதுகிறேன் என்று கேட்டதற்குக் காரணம், வேல்விழி டீச்சர் எனக்கு எழுதச் சொல்லித் தந்திருக்கிறார். அது வீணாகக் கூடாது.

என் பெயர் கொளஞ்சிநாதன். விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. ஃபியூஸ் கட்டை வேகவைப்போம். வெந்து வந்ததும் ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்ப்பேன். கணீரென்றால் நல்லது. சொத்தென்றால் உள்ளே கீறல். கழித்துப் பின்பக்கக் குவியலில் எறிய வேண்டும். கீறல் ஒன்று கலந்துவிட்டாலும் கடைக்காரர் மூட்டையையே திருப்பி அனுப்பிவிடுவார்.

டீச்சர் அரசுப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறார். அது முடிந்தால் பயிற்சிக் கல்லூரிக்குப் போய், வாத்தியார் ஆகப்போகிற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவார். வயது வந்தவர்களுக்கு எழுத்து எப்படி ஏறுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. அதற்காக மாலையில் எங்கள் பேக்கிங் கொட்டகைக்கு வந்து எங்களை உட்காரவைத்தார். முதலில் எனக்கு வந்தது. பிறகு அம்சவல்லிக்கு, மற்றவர்களுக்கு. சிங்காரவேலுக்கு மட்டும் வரவில்லை. மண் பிசைகிறவன், நல்ல மனிதன். டீச்சர் அவன் விரலைப் பிடித்து ஈரமண்ணில் எழுதவைப்பார். மற்றவர்கள் காத்திருப்போம்.

“யோவ், அது எழுத்தா, எலிக்குஞ்சா?” என்பாள் அம்சவல்லி.

“வாலு வந்துட்டுதுல்ல? பாதி பாஸு போடுங்க டீச்சரு” என்பான் அவன். டீச்சர் வாய்விட்டுச் சிரிப்பார். நான் தப்பில்லாமல் ஒரு பக்கம் படித்தால் தலையாட்டுவார்.

ஒருநாள் டீச்சர் போனில் புரொபசரிடம் பேசிவிட்டுக் கண் கலங்கி வந்தார். என்னவென்று கேட்டேன்.

“ஒருத்தருக்கு வராம முடிக்க முடியலண்ணே. சாரு இன்னும் டைம் குடுக்க மாட்டேங்கிறாரு.”

“அவனக் கழிச்சிட்டா என்னங்க டீச்சர்?”

“தானா நின்னுட்டா விட்டுடலாம். வந்துகிட்டே இருக்கிறவர எப்படிண்ணே கழிக்கிறது?”

அதுதான் அவர்கள் படிப்பில் விதி என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் மரியாதையாகத்தான் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்து, “நீ நின்னுடு சிங்காரவேலு, டீச்சருக்கு உன்னால கஷ்டம்” என்றேன்.

“எங்கண்ணே நிக்கிறது? பொண்ண வேப்பூருக்கு அந்தாண்ட மங்களூருல கட்டிக் குடுத்துருக்கேன். வேப்பூருல எறங்கி, போர்டப் பாத்து நானே பஸ்ஸு ஏறணும். எத்தன காலத்துக்கு ஊர்ல இருக்கவன் வாயப் பாத்துகிட்டு நிக்கிறது?” என்று சிரித்தான்.

மறுநாள் காலை, ஆட்கள் வருவதற்கு முன், கழிவை ஒதுக்கிப்போடக் கூப்பிட்டேன். வந்தான். சூளைக் கதவை நெம்புகிற கம்பி என் கையில் இருந்தது. முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. சொத்தென்றுதான் கேட்டது. முட்டி போட்டு உட்கார்ந்து தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, “அடிக்காதண்ணே, படிச்சிடறேன்” என்றான். சின்ன வயதில் வாத்தியார் அடிக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவன். அந்த நினைப்பு போலிருக்கிறது. ரத்தம் கண்ணில் இறங்கியது. அ, ஆ, இ என்று வேகமாகச் சொன்னான். தரைத் தூசியில் விரலால் ‘அ’ எழுதிக் காட்டினான். சுழி, வால் எல்லாம் சரியாக இருந்தது. அதைப் பார்த்தேன் ஐயா. பார்த்த பிறகுதான் பலமாக அடித்தேன். முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லாதவரை அடித்தேன்.

குவியலைத் தோண்டி உள்ளே வைத்து மூடினேன். மேலே தெறித்திருந்ததைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பீங்கானில் கறை பிடிக்காது.

மாலையில், “சிங்காரவேல் நின்னுட்டான் டீச்சர்” என்று சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாடத்தை விட்டுவிட்டு அவன் வீட்டுக்குப் போனார், மங்களூருக்குப் போனார், உங்களிடம் வந்ததும் அவர்தான். நாய்கள் குவியலைக் கிளறாவிட்டாலும் அவர் தேடிக் கண்டுபிடித்திருப்பார்.

இன்று காலை இந்த லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கம் டீச்சர் நின்று பேசினார். “எல்லாருக்கும் வர்றத எழுத நான் எதுக்குண்ணே? வராதவருக்கு எப்படி வர வைக்கிறதுன்னுதான் வாத்தியார் ஆகப்போற புள்ளைங்களுக்குக் காட்டணும்னு இருந்தேன். என் படிப்பே அவருதாண்ணே. இனிமே எத எழுதுவேன்?” என்றார். துக்கத்தில் பேசுகிறார். கொஞ்ச நாளில் எழுதிவிடுவார்.

நான் செய்தது டீச்சர் படிப்புக்காக. அன்று மாலை, டீச்சர் எழுந்து போவதற்கு முன், அவன் இடத்துக்கு நகர்ந்து டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தேன் என்று அம்சவல்லி சொல்லியிருப்பாள். உட்கார்ந்தது உண்மை. என் கையை நீட்டி, ‘அ’ மறந்துவிட்டது டீச்சர், பிடித்து எழுதவையுங்கள் என்று கேட்டதும் உண்மை. அது வேறு, இது வேறு என்று உறுதி கூறிக் கையெழுத்திடுகிறேன்.