ஏணி பிடித்திருந்தவர்

மாலை ஆறே முக்கால். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஒரே சாலை… ஈ, காக்கை இல்லை. போர்வையில் சுற்றிய படத்தை அணைத்துக்கொண்டு ஒருத்தி நடக்கிறாள். என் நண்பனின் சித்தி, அவன் சித்தப்பாவின் மனைவி. மருந்துக் கடையில் வேலை. பயந்தாங்கொள்ளி இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படம் அவளுடைய அக்கா கொடுத்தது. கூரையை முட்டும் உயரத்தில் ஒரு குழந்தை. சுற்றிலும் விரல் உயர ஆட்கள். ஒருத்தி சீப்பைத் தோளில் தூக்கி வருகிறாள். ஒருவன் குடை பிடிக்கிறான். ஒருவர் ஏணி பிடித்திருக்கிறார்… குழந்தைக்கு மூக்குச் சிந்திவிட. பார்த்தால் சிரிப்புதான் வரும்.

"இதுக்கு என்னடி அர்த்தம்? மனசுல பட்டதைச் சொல்லு" என்று அக்கா கேட்டாள்.

"குழந்தை ஒண்ணும் பெருசு இல்லக்கா. அதுக்குச் செஞ்சு செஞ்சே இவங்கதான் தேய்ஞ்சு போயிட்டாங்க."

அக்கா படத்தைப் போர்வையில் சுற்றி அவள் கையில் கொடுத்தாள்.

"உனக்குத்தான் புரியுது. நீயே வச்சுக்கோ."

கணவன் சொல்லாமல் கொள்ளாமல் போனதிலிருந்து அக்கா யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை. சித்திக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது சாலையில்… சரக்… சரக்… பல கால்கள். நின்றாள். அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. புளித்த பால் வாடை. மறுபடி சரக்… சத்தம் பின்னாலிருந்து வரவில்லை. போர்வைக்குள்ளிருந்து வந்தது.

எலி என்று மனதைத் தேற்றிக்கொண்டு, படத்தைக் கூடத்தில் மாட்டினாள்.

மூன்றாம் நாள் காலை. சித்தப்பா எலெக்ட்ரீஷியன், வேலைக்குக் கிளம்பினார். சட்டைக் கை விரல் நுனிவரை தொங்கியது.

"எவன் சட்டையடி இது?" என்று சிரித்தார்.

அவருடையதுதான். நான்கு வருடமாகப் போடுவது.

அவர் போனதும் சித்தி படத்தின் அருகே போனாள். ஏணிக்காரரின் முகத்தை உற்றுப் பார்த்தாள். தடித்த கண்ணாடி… தாடையில் வெட்டுத் தழும்பு… கைபேசியை எடுத்தாள்.

"அக்கா… ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது காணாமப் போன நம்ம மாமாதானே?"

 அக்கா சொன்னாள்:

"உன் வீட்டுல ரெண்டு பேர் இருக்கீங்க. இங்க நான் ஒருத்திதாண்டி மிச்சம்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

படத்தைக் கழற்றித் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினாள். பூட்டு. பக்கத்து வீட்டுக்காரம்மா வெளியே வந்தாள்.

"நேத்தே காலி பண்ணிட்டாங்களே. நீ வருவேன்னு இதைக் கொடுக்கச் சொன்னாங்க."

சிறிய பொட்டலம். உள்ளே ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று, ரவிக்கை ஒன்று. இரண்டும் விரல் நீளம். அக்காவின் கைத்தையல்… பொத்தான், காஜா எல்லாம் கச்சிதம். ரவிக்கைத் துணி, போன வருடம் அக்கா பிறந்தநாளுக்குச் சித்தியே கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்தது.

போன மாதம் என் நண்பன் போயிருந்தபோது இதைச் சித்தி வாயாலேயே கேட்டிருக்கிறான். வீட்டில் அவளும் கூடத்துச் சுவரில் அந்தப் படமும் மட்டும்தான். சித்தப்பா எங்கே என்று அவன் கேட்கவில்லை.

"நான் வாங்கிக் கொடுத்த துணிடா… என் கூடப் பிறந்தவடா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாளாம்.

நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். கால்கள்… தரைக்கு எட்டவில்லையாம்.