கஞ்சி போட்ட பாவும் காணாமல் போன வெளிநாட்டு மாணவரும்

உண்ணாமலை, வயது 47, கணவர் பெயர் கந்தசாமி, தொழில் பட்டு நெசவு, இருப்பு ஆரணி டவுன், பெரிய சாயக்காரத் தெரு. காவல் நிலையத்தில் பகல் 12.10 மணிக்கு விசாரித்தபோது கூறியதாவது:

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். டான்சானியா நாட்டைச் சேர்ந்த ஜூமா, வயது 21, இங்குள்ள தனியார் கல்லூரியில் பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டு, பதினான்கு மாதங்களாக எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறார். அந்தக் கல்லூரியின் பெயர்ப்பலகையில் போன வருடம் 'இன்டர்நேஷனல்' என்று சேர்த்தார்கள். அங்கே வெளிநாட்டு மாணவர் ஜூமா ஒருவர்தான். ஆகவே அந்த இன்டர்நேஷனல் முழுவதும் என் வீட்டு மாடியில்தான் இருந்தது.

இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் குழு ஒப்பந்தத்துக்கு வருவதாகவும், ஜூமா வந்து நிற்காவிட்டால் விசா நீட்டிப்புக்குச் சான்றிதழ் தரமுடியாது என்றும் தாளாளர் ஜெயக்குமார் நேற்று சொல்லி அனுப்பினார். சான்றிதழ் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பவேண்டும். அழைப்பிதழில் காலை எட்டு மணி என்று இருந்தது. எட்டு என்று போட்டால் மைக் செட்டே பத்தரைக்குத்தான் வரும் என்பது ஆரணியில் எல்லோருக்கும் தெரியும். ஜூமாவுக்கும் தெரியும். வந்த புதிதில் எட்டுக்கே போய் நாற்காலி அடுக்கி ஏமாந்தவர் அவர்.

அதன்பின் இன்று காலை ஏழு மணிக்கு தறியில் ஏற்றவேண்டிய எங்கள் பட்டுப் பாவை, அதாவது நீள இழைகளை, தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டோம். வழக்கமாக ஒரு முனையைப் பிடிக்கும் பக்கத்து வீட்டுப் பச்சையப்பன் செய்யார் கம்பெனிக்கு முதல் ஷிப்டு போய்விட்டார். எங்கள் தெருவில் கை குறைந்தால் வாசலில் நிற்பவர் கேட்காமலே வந்து பிடிப்பார். ஜூமா புதுச்சட்டையுடன் இறங்கி வந்து, டையை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு முனையைப் பிடித்தார். காயும் முன் தளரவிட்டால் இழைகள் ஒட்டிக்கொண்டு பாவே வீணாகிவிடும். அவரை யாரும் அடைத்து வைக்கவில்லை.

அதன்பின் எட்டு மணிக்கு வரவேண்டிய குழு எட்டு மணிக்கே வந்துவிட்டது. இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. கல்லூரியில் நாற்பது நாட்டுக் கொடி கட்டிய இடத்தில் ஒரு நாட்டு ஆளும் இல்லாததால், தாளாளர் நிலையத்துக்குப் போன் செய்து நான் மாணவரைப் பிடித்து வைத்திருப்பதாகப் புகார் சொல்லிவிட்டு, குழுவையும் காரில் ஏற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

"ஏம்மா, எங்க ஸ்டூடண்ட்ட புடிச்சி வெச்சிகினு கீறீங்களே, நாயமா?" என்றார்.

"நான் எங்க புடிச்சேன்? அவருதான் பாவ புடிச்சிகினு கீறாரு. பேஜார் பண்ணாதீங்க, தள்ளி நில்லுங்க" என்றேன்.

"சார், எட்டுன்னு போட்டிருந்தீங்க. அதான் பத்தரைக்கு வரலாம்னு இருந்தேங்க" என்றார் ஜூமா. தாளாளர் கண்ணைக் காட்டியும் கேளாமல், குழுவுக்குத் தலைமை தாங்கி வந்த அம்மாளுக்கு அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். சான்றிதழ் போயிற்று என்று நினைத்தேன்.

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். அதன்பின் கைப்பையைத் தாளாளரிடம் கொடுத்துவிட்டு, என் கணவர் பக்கம் போய் அவரும் பாவைப் பிடித்தார். காய்ந்த பிறகு மாடி அறையைப் பார்த்தார். அடுத்த வருடம் பன்னிரண்டு மாணவர்களை அனுப்புவதாகவும், அவர்கள் விடுதியில் அல்ல, இந்தத் தெருவில்தான் தங்கவேண்டும் என்றும் சொன்னார்.

போனில் சொன்ன புகாருக்காக என்னை நிலையத்துக்கு அழைத்தார்கள்; ஜூமாவும் கூட வந்தார். தற்போது தாளாளர் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு பேருக்கும் தெருவில் இடம் பேசி முடித்துத் தரும்படி என்னைக் கேட்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். "ஜல்தியா சர்டிபிகேட்ட கொண்டாங்க, அப்பறம் ரூம்பு பேசலாம்" என்றேன். அது வரும்வரை இதில் கையெழுத்தும் போடமாட்டேன் என்று எழுதுகிற ஐயாவிடமும் சொன்னேன். 12.50 மணிக்குச் சான்றிதழ் வந்தது. முத்திரை மை காயவில்லை.

கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டதால் இதை ஜூமா படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, எல்லாம் நடந்தது நடந்தபடி.

ஒப்பம்: உண்ணாமலை, பகல் 12.52

சாட்சிகள்:
1. ஜூமா (தமிழில் கையொப்பம்)
2. ஜெயக்குமார், தாளாளர் (ஆங்கிலத்தில் கையொப்பம்)