வளர்ந்துபோன சைக்கிள்

வேலம்பாளையத்திலிருந்து டவுனுக்குப் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில், பனியன் கம்பெனி அடையாள அட்டையோடு இரண்டு பெண்கள். இன்று ஏன் சைக்கிளில் வரவில்லை என்று மூத்தவர் கேட்டதற்கு இளையவர் சொன்னார்:

“என்ற சைக்கிளு வளந்து போச்சுங்கக்கா.”

“சைக்கிளு எப்புடி அம்மிணி வளரும்?”

“குழியில குலுங்குதுன்னேன். எங்கூட்டுக்காரரு தடி டயரா மாத்திக் குடுத்தாருங்க. இப்பக் கால் தரைக்கு எட்ட மாட்டேங்குது. நேத்து கம்பெனி கேட்டுல நிறுத்தறப்ப அப்படியே சாஞ்சுட்டேன்.” சிராய்த்த முழங்கையைக் காட்டினார்.

“காத்தை எறக்கி உட வேண்டீதுதானே?”

“உட்டேனுங்க. கால் லேசாத் தொட்டுது. ஆனா மிதிச்சா, ஆரோ பொறத்தால புடிச்சு இழுக்கற மாதிரி இருக்குதுங்க. காத்தடிச்சா நல்லா ஓடுது, ஆனா மறுக்கா குலுங்குது, காலும் எட்டல. சைக்கிள் கடைக்காரரு காத்தடிங்கறாரு, எங்கூட்டுக்காரரு எறக்குங்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியலீங்க. முப்பத்தெட்டு வயசுல கத்துக்கிட்டதுங்கக்கா. இனி பஸ்ஸே போதும்னுட்டாரு.”

 மூத்தவர் அவர் பக்கமாகத் திரும்பினார்.

“சீட்டை எறக்கிப் பாத்தியா அம்மிணி?”

“சீட்டு எறங்குமுங்களா?”

“அடியில ஒரு நட்டு இருக்குமே, அதைத் தளத்துனா எறங்கும். காலு எட்டிருச்சுன்னா, காத்தை ரொம்ப அடிக்காம நடுத்தரமா வெச்சுக்கலாம்.”

இளையவர் எழுந்துவிட்டார். அடுத்த நிறுத்தத்தில் படியில் நின்றபடி திரும்பிச் சொன்னார்:

“கொஞ்சம் லேட்டாகும்னு சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிப்போடுங்கக்கா. வூட்டுக்குப் போயி சைக்கிள்லயே வந்தர்றேன்.”