சாயம் ஏறாத நூலு

உங்களுதுதானுங்க, நல்லாப் பாருங்க. ஆணியில தொங்கறது வேற ஆரு கோட்டும் இல்ல. நீங்க பவானிக்குக் கெளம்பறப்போ வெளுத்துப்போயி வைக்கப்புல்லு நெறத்துல கெடந்துதில்லீங்க, அதே மழைக்கோட்டுத்தான். சாயம் போட்டுப்போட்டேன். நாந்தானுங்க, வேற ஆரு போடுவா? வாங்கியாந்தன்னைக்கு என்ன கரும்பச்சையில இருந்துதோ, அதே நெறம் வந்துபோச்சு. உக்காருங்க. கல்யாணமெல்லாம் நல்லா நடந்துதுங்களா? பந்தியில கூப்பிட்டு உக்கார வெச்சாங்களா? சரி, சரி. சட்டையெல்லாம் அப்புறமேட்டுக்கு மாத்திக்கலாம், மொதல்ல இந்தக் காப்பியக் குடிங்க. நான் சொல்லி முடிச்சுக்கறேன்.

எதுக்கு இந்த வேண்டாத வேலைன்னுதான கேக்கறீங்க? அன்னைக்கு நஞ்சுண்டன் மாமா வந்து, ஏப்பா, கறிவேப்பிலை வித்த காசெல்லாம் எங்க போகுது, ஒரு கோட்டு வாங்கப்படாதான்னு சிரிச்சாரே, ஞாபகம் இருக்குதுங்களா? நீங்களும் கூடச் சேந்து சிரிச்சீங்க. எனக்குத்தான் சுருக்குன்னு இருந்துது. புதுசு வாங்குங்கன்னா நீங்க கேக்கற ஆளா? மெழுகு ஏத்துன இந்தக் கித்தான் துணியாட்டம் மழைய எதுவும் தாங்காதுன்னு சொல்லிப்போடுவீங்க. அதான், நீங்க ஊர்ல இல்லாத நாளாப் பாத்து நாமளே பண்ணிப்போடலாம், வந்து பாத்தா ஆச்சரியப்படுவாருன்னு நெனச்சேன். ஆமாங்க, அப்போ அப்படித்தான் நெனச்சேன்.

கோயமுத்தூரு போயி, டவுன்ஹால் பக்கம் பீர் முகம்மது பாய் கடையில கேட்டேன். துணி பருத்திதான, அப்பச் சாயம் புடிக்கும்னாரு. பழைய மெழுகு துளி இருந்தாலும் அந்த எடத்துல சாயம் ஏறாம தேமலாட்டம் நிக்கும், மெழுகப் பூராவும் எடுத்துப்போட்டு அப்புறம் போடுங்கன்னாரு. சாயம் போட்டுக் காஞ்சதுக்கப்புறம் மறுக்கா மெழுகு ஏத்தோணுமாம். இல்லைன்னா அது மழைக்கோட்டு இல்ல, சாக்குப்பையின்னாரு. அப்புறம் ஒண்ணு சொன்னாருங்க. பாலியஸ்டர் நூல்ல தெச்சிருந்தா அந்த நூலுல மட்டும் இந்தச் சாயம் ஏறாது, அது பழைய நெறத்துலயே நிக்கும், பொறகு வந்து எங்கூடச் சண்டை போடக்கூடாதுன்னு சொல்லிச் சிரிச்சாரு. நானும் சிரிச்சுப்போட்டு வந்தேன்.

மாட்டுக்குத் தண்ணி காய வெக்கற அண்டாவுலதானுங்க பண்ணுனேன். சலவைச் சோடாவப் போட்டுக் கொதிக்க உட்டா, அந்த மெழுகு பாலாடையாட்டம் மேல வந்து நிக்குது. வழிச்சு வழிச்சுப் போட்டேன். திரும்பவும் தண்ணி மாத்திக் கொதிக்க வெச்சேன். பாதி நாளு அதுக்கே போச்சு. அப்புறந்தான் சாயத்தக் கரைச்சு, கல்லுப்புப் போட்டு, கோட்டு முங்கற மட்டும் தண்ணி உட்டு, தென்னை மட்டையில கிண்டிக்கிட்டே நின்னேன். கிண்டாம உட்டா மடிப்பு மடிப்பாத் திட்டுத் திட்டா ஏறிப்போகுமில்லீங்க? தோளு கழண்டு போச்சு. இதோ பாருங்க, நகக்கண்ணுல இன்னும் பச்சை போகல. வாய்க்கால்ல அலசி அலசி, தண்ணி தெளிஞ்சு வந்ததுக்கப்புறம் புங்கமரத்து நெழல்ல போட்டேன். வெயில்ல போடப்படாதாம்.

காஞ்சதுக்கப்புறம் எடுத்துப் பாத்தனுங்க. அடேயப்பா, புதுசாட்டம் இருக்குது. பித்தான், பாக்கெட்டு, காலரு, எல்லாத் தையலும் துணியோட துணியாக் கருத்துப்போச்சு. மெழுகுவத்திய உருக்கி வெச்சுக்கிட்டு, பழைய வேட்டித் துணியில தொட்டுத் தொட்டுத் தேச்சுக்கிட்டே வாரேன். எடது கக்கத்துக்குக் கீழ வந்தா, அங்க மட்டும் வெளுப்பா ஒரு கோடு. வெரல் நீளத்துக்கு. மெழுகு போகாம நின்ன எடம்னு நெனச்சு நகத்துல சொரண்டுனேன். மெழுகு இல்லீங்க. தையலு.

ஆமாங்க, தையலு. கோட்டு கிழிஞ்சதே எனக்குத் தெரியாதுங்களே. நீங்க சொல்லலையே. வெளுத்திருந்தப்போ அது கண்ணுக்கே படல. ஏன்னா அந்த வெளுத்த நெறத்துக்கே நூலு தேடிப் புடிச்சுத் தெச்சிருக்குது ஒரு கை. துணி கருத்துப்போச்சு, அந்த நூலு கருக்கல. பாய் சொன்னாரில்ல, அதேதான்.

எந்திரிக்காதீங்க. அந்த டம்ளரு அங்கயே இருக்கட்டும்.

நான் தெச்சது இல்லீங்க. எனக்கு ஊசி கோக்கவே பக்கத்தூட்டுப் புள்ளை வரோணும். நீங்க பித்தானு போனாக்கூட எங்கிட்டத்தான் கொண்டாந்து போடுவீங்க. தையக்கடைக்காரன் தெச்சிருந்தா மெசின்ல நேரா ஓட்டியிருப்பான். இது கையில, பொறுமையா, பொடிப் பொடியா, நெம்ப ஆசையாத் தெச்சது. மொதல்ல எவளோ ஒருத்தின்னுதான் நெனச்சேன். பொய் சொல்லல. வாராவாரம் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போற மனுசன், அங்க ஒரு சின்னூடு வெச்சிருக்காருன்னு நெனச்சுப்போட்டேன். உருகுன மெழுகு கட்டியாகிப் போச்சு, நான் அப்படியே உக்காந்திருக்கேன். இந்த வயசுக்குமேல உங்களுக்கு எதுக்குங்க இதுன்னு சிரிப்புக்கூட வந்துது.

அப்புறந்தான் தையலச் சரியாப் பாத்தனுங்க. சோத்தாங்கைக்காரி தெச்சா ஒரு பக்கமாச் சாயும். இது மறுபக்கமாச் சாஞ்சிருக்குது. ஒவ்வொண்ணும் அப்படித்தான். எடது கையில, ஒரட்டாங்கையில ஊசி புடிக்கறவ தெச்சது. நம்மூட்டுல ஒரட்டாங்கையில ஊசி புடிச்சது ஆருங்க? அந்தக் கையில சோறு உங்காதேன்னு நான் அடிச்சு அடிச்சு மாத்துனேன், ஊசிய மட்டும் மாத்த முடியல. சொல்லுங்களே. பேரு வாயில வரலீங்களா? இந்த ஊட்டுக்குள்ள அந்தப் பேரச் சொல்லக்கூடாதுன்னு சட்டம் போட்டது நீங்கதான. நான் சொல்றேன். கோகிலவாணி. நம்ம புள்ளை.

எவளாவது ஒருத்தியா இருந்திருந்தா அழுது பெரண்டுபோட்டு உட்டிருப்பனுங்க. இத எப்படி உடறது?

அவ அந்தக் கிருபாசங்கரைக் கட்டிக்கிட்டுப் போன அன்னைக்கு நீங்க என்ன பண்ணுனீங்க? வேற சாதிப் பையன், போட்டோ புடிக்கறவன், எம்மானமே போச்சுன்னு சொல்லி, செத்த ஊட்டுல குளிக்கறாப்ல தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டீங்க. அதோட உட்டீங்களா? கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, சூடத்தப் பத்த வெச்சு, இனி அவ மூஞ்சியில முழிக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணி அணைச்சீங்க. என்னையும் அணைக்கச் சொன்னீங்க. நான் மாட்டேன்னு கால்ல உழுந்து அழுதேன். எங்கையப் புடிச்சு அந்தச் சூடத்துமேல வெச்சது ஆருங்க? சாமி முன்னால அணைச்சது அணைச்சதுதான், மீறுனா புள்ளைக்குத்தான் ஆகாதுன்னும் சொன்னீங்க. அந்த ஒரு சொல்லுக்குத்தானுங்க நான் அஞ்சு வருசமா வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன். எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகிப்போகப்படாதுன்னு.

பக்கத்துத் தோட்டத்துக் குழந்தையம்மா வந்து, உன்ற மகளுக்குப் பொட்டப்புள்ளை பொறந்திருக்குதுன்னு காதுல சொன்னா. நான் எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேன். ஒருக்கா துடியலூர்ச் சந்தையில, பொறத்தால பாத்தா அவளாட்டவே ஒருத்தி நிக்கறா, இடுப்புல கொழந்தையோட. அவதானா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாதுங்க. முந்தானைய மூஞ்சியில போட்டுக்கிட்டு ஓட்டமா ஓடியாந்து, ஒரு சவுளிக்கடைக்குள்ள பூந்து நின்னு அழுதேன். ஊட்டுக்கு வந்து உங்ககிட்டத்தான சொன்னேன்? எம் முதுகத் தடவிக் குடுத்து என்ன சொன்னீங்க? சத்தியத்தக் காப்பாத்திப்போட்டே மயிலு, நீ பெரிய மனுசின்னு சொன்னீங்க. அதுக்கு முந்தின நாளுதான் மண்டிக்குப் போயிட்டு வந்திருந்தீங்க. அப்போ அந்தக் கொழந்தையத் தூக்கிக் கொஞ்சிப்போட்டு வந்த கையிலயா எம் முதுகத் தடவுனீங்க? அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?

இருங்க, நான் பேசிக்கறேன். இத்தன வருசமா நீங்கதான பேசுனீங்க.

மெழுக மறுக்கா உருக்கி, கோட்டு முழுக்கத் தேச்சு, தேப்புப்பெட்டியில சூடு காட்டி வேலைய முடிச்சுப்போட்டுத்தான் எந்திரிச்சேன். அரவேலையா உட்டா துணி பாழாப் போயிருமில்லீங்க. அடுத்த நாளு விடியால அதத் தோள்ல போட்டுக்கிட்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறுனேன். மண்டியில போயி நின்னேன். ஆரத் தேடறீங்கன்னு கேக்கறாங்க. உங்க பேர நான் எப்பங்க சொல்லியிருக்கேன்? அவிங்க, எங்கூட்டுக்காரருன்னு சொல்லியே காலம் போச்சு. கோட்டக் காட்டி, இந்தக் கோட்டுக்காரர்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல, அதான் நெறம் மாறிப்போச்சே. அப்புறம் சொன்னனுங்க. துடியலூர் ஈஸ்வரமூர்த்தின்னு, அத்தன ஆம்பளைங்க முன்னால, முழுப்பேரையும் சொன்னேன். நாக்கு ஒண்ணும் அழுகிப்போகல. அட, அவரா, மூட்டைய எறக்குன கையோட மக ஊட்டுக்குப் போயிருவாரே, பேத்தின்னா உசுராச்சேன்னு ஒரு மூட்டை தூக்கறவரு சொல்றாரு. அவருக்குத் தெரிஞ்சிருக்குது. தரகருக்குத் தெரிஞ்சிருக்குது. டீக்கடைக்காரருக்குத் தெரிஞ்சிருக்குது. பெத்தவ எனக்குத்தான் தெரியல.

வழி கேட்டுப் போயி கதவத் தட்டுனேன், கோகிலா தொறந்தா. என்னையப் பாத்ததும் அவ மூஞ்சியில ரத்தமே இல்லீங்க. நான் கட்டிப்புடிக்கப் போறேன், அவ பொறத்தால நகர்றா. கொழந்தை ஓடியாந்து, அப்புச்சி கோட்டு, அப்புச்சி கோட்டுன்னு பாக்கெட்டுக்குள்ள கைய உட்டுத் தொலாவுது, கடலமிட்டாய் இருக்குதான்னு. ஊருக்கே நெறம் மாறிப்போன கோட்டு அதுக்கு மட்டும் எப்படியோ தெரிஞ்சுபோச்சு. நான் ஆருன்னு அவங்கம்மாகிட்டக் கேக்குது. அம்மாயின்னு சொல்ல அவளுக்கு வாய் வரலீங்க. எங்கிட்ட அவ கேட்ட மொத வார்த்தை என்ன தெரியுங்களா? ஏம்மா வந்தே, மருந்து கிருந்து எதும் குடிச்சுப்போட்டு வரலையேன்னு கேட்டா.

எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் ஒவ்வொண்ணாச் சொல்றா. கொழந்தை தவழற வயசுலயே நம்மூட்டுக்கு வரோணும்னு கெளம்புனாளாம். நீங்கதான் தடுத்தீங்களாம். உங்கம்மா சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டா, நீ வாசப்படி மிதிச்சா பூச்சிமருந்தக் குடிச்சுப்போடுவேன்னு நிக்கறா, நாந்தான் அவளுக்குத் தெரியாம ஒளிஞ்சு ஒளிஞ்சு வாரேன்னு சொன்னீங்களாம். நானுங்க? நானா? ஊருக்குள்ள ரோசக்காரர்னு பேரு வாங்கிக்கிட்டீங்க, அங்க பாசக்கார அப்பான்னு பேரு வாங்கிக்கிட்டீங்க. எனக்கு இங்க புள்ளை இல்லாதவ பொழப்பு, அங்க ராட்சசின்னு பேரு. ஒரு மனுசிய இப்படியுமாங்க ஏமாத்துவாங்க? அதுவும் பக்கத்துலயே படுத்துக்கிட்டு?

நான் அப்படிச் சொல்லவே இல்ல கண்ணுன்னேன். நம்பமாட்டேங்கறா. அப்பா எதுக்கும்மா பொய் சொல்றாருங்கறா. சூடம் அணைச்சியா இல்லையான்னு கேட்டா. அணைச்சேன். அதுக்குமேல நான் எத வெச்சு நிரூபிக்கறது?

இப்பச் சொல்லுங்க. நான் மருந்து குடிப்பேன்னு உங்ககிட்ட என்னைக்காவது சொன்னனுங்களா? தலைய ஆட்டுனா எப்படிங்க, வாயத் தொறந்து சொல்லுங்க. சொல்லலையா. சரி. அப்போ அவகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க? என்னது? சத்தமாச் சொல்லுங்க, எனக்குக் காது மந்தமாப் போச்சு. ஊட்டுக்குள்ள சேத்துனா ஒறம்பரை, சொந்தமெல்லாம் அத்துப்போகும். ம். வராதேன்னு நீங்களே சொன்னா புள்ளை உங்கள வெறுத்துப்போடும். அதுக்காக எம்மேல போட்டுட்டீங்க. நானு பெத்தவ, என்ன சொன்னாலும் தாங்கிக்குவேன்னு நெனச்சுட்டீங்க. சூடத்துமேல எங்கையப் புடிச்சு வெச்சதும் நீங்கதான? ஆமாவா? ஆமாங்கறத நல்லாச் சொல்லுங்க.

போதுமுங்க. வேற ஒண்ணும் வேண்டாம், அந்தத் துண்டுல கண்ணத் தொடைச்சுக்கிட்டு உக்காருங்க.

கோகிலா, அப்பா வாயால கேட்டாத்தான் நம்புவேன்னியே, கேட்டுதா கண்ணு? கதவத் தொறந்துக்கிட்டு வெளிய வா. கொழந்தை தூங்கட்டும், நீ மட்டும் வா.